பாடி மேம்பாலத்தில் ஏறத் திணறிய கார்

சென்னையில் வில்லிவாக்கம் பக்கமிருந்து அம்பத்தூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்குப் பாடியில் ஒரு நிறுத்தம் நன்றாகத் தெரியும். "லூகாஸ் எல்லாம் இறங்கு!" என்று நடத்துநர் குரல் கொடுப்பார். லூகாஸ் என்பது ஊரின் பெயரன்று. 1961-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையின் பெயர் அது. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய மின்கருவிகளைச் செய்வது அதன் தொழில். ஸ்டார்ட்டர் மோட்டார், மின்னாக்கி, இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று பலவும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. சக்கரம், பிரேக், மரையாணி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகளும் 1960களில் இதே வட்டாரத்தில் எழுந்தன. ஆலைகளைச் சுற்றிக் கடைசல் பட்டறைகளும் கார் பழுது பார்க்கும் பட்டறைகளும் பெருகின.

அத்தகைய பட்டறை ஒன்றில்தான் சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு நல்ல இயற்பியல் பாடம் கற்றேன். கல்லூரியில் அதைப் பாடமாக நடத்துகிறவன் நான். ஆனால் அன்று மாணவனாக நின்றேன்.

என் மாமாவிடம் பழைய மாருதி 800 ஒன்று இருந்தது. 1980களில் வந்த வகை; கார்ப்பரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ளது. வெளியூரில் ஒரு பட்டறையில் அதற்கு டைமிங் பெல்ட் மாற்றினார்கள். புது பெல்ட் போட்ட நாள் முதல் காரில் இழுவை இல்லை. சமதளத்தில் ஓரளவு ஓடியது. பாடி மேம்பாலத்தின் சரிவில் ஏறும்போது மட்டும் முக்கி முனகியது. மூன்றாம் கியரில் சாதாரணமாக ஏறும் கார், இரண்டாம் கியருக்கு மாற்றினால்தான் மேலே வந்தது. பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது.

பெல்ட் போட்ட பட்டறைக்கே மறுபடி கொண்டுபோய்க் காட்டினோம். "டைமிங் லைட் வைத்துப் பார்த்துவிட்டோம், டைமிங் மிகச் சரியாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆனாலும் கார் மேடேறவில்லை. டைமிங் சரி, கார் சரியில்லை. இது எப்படி முடியும்? இதற்கு விடை காண, டைமிங் என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

இரண்டு முள், ஒரு மணி

பெட்ரோல் எஞ்சினின் நான்கு வீச்சுகளை உங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். உறிஞ்சும் வீச்சு, அமுக்கும் வீச்சு, வேலை வீச்சு, வெளியேற்றும் வீச்சு என்பன அவை. ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ 1876-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய முறை இது. பிஸ்டன் இருமுறை மேலேறி இருமுறை கீழிறங்கினால் நான்கு வீச்சுகளும் முடியும். அதற்குள் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும்.

ஆனால் ஒவ்வொரு வால்வும் இந்த இரண்டு சுற்றுகளில் ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல வேண்டும். கிராங்க் தண்டின் முனையில் உள்ள பற்சக்கரத்தைப்போல் இருமடங்கு பற்கள் கேம் தண்டின் சக்கரத்தில் இருக்கும். இரண்டையும் பற்கள் உள்ள ரப்பர் பட்டை ஒன்று இணைக்கும். அதுவே டைமிங் பெல்ட்.

வழுக்காத இந்தப் பல் பெல்ட் 1940களில் தையல் இயந்திரத்துக்காக உருவானது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? பெருமளவில் உற்பத்தியான காரின் கேம் தண்டைச் சுழற்ற அதை முதலில் பயன்படுத்தியது ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம். 1960களின் தொடக்கத்தில் வந்த கிளாஸ் 1004 என்னும் சிறு காரில். அதற்கு முன்னும் பின்னும் இரும்புச் சங்கிலியால் இதே வேலையைச் செய்த எஞ்சின்கள் பல. நம் அம்பாசிடர் அவற்றுள் ஒன்று.

இதை ஒரு கடிகாரமாக எண்ணிப் பாருங்கள். கிராங்க் தண்டு நிமிட முள். கேம் தண்டு மணி முள். நிமிட முள் 12 சுற்றுச் சுற்றினால் மணி முள் ஒரு சுற்று. எஞ்சினில் 12-க்குப் பதிலாக 2, வேறுபாடு அவ்வளவுதான். நிமிட முள் 12-இல் நிற்கும்போது மணி முள் ஏதேனும் ஓர் எண்ணின் நேர் மேலே நிற்க வேண்டும். 3-க்கும் 4-க்கும் நடுவில் நின்றால்? ஒவ்வொரு முள்ளும் சரியாகவே சுற்றும். ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவு பிசகிவிட்டது. அந்த உறவைக் காப்பதுதான் டைமிங் பெல்ட்டின் வேலை.

இந்தக் கடிகாரத்தில் ஒரு மணியும் இருக்கிறது. அதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். ஒவ்வொரு உருளைக்கும் உரிய நேரத்தில் மின்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் கருவி அது. மாருதி 800-இல் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம் தண்டு. அதாவது மணியை அடிக்க வைப்பது மணி முள். இதை மறவாமல் நினைவில் வையுங்கள். துப்பு இதில்தான் இருக்கிறது.

மின்பொறி எப்போது பாய வேண்டும்?

பாட்டரியின் 12 வோல்ட்டால் அமுக்கப்பட்ட கலவைக்குள் பொறியை உண்டாக்க முடியாது. ஆகவே காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டத்தைப் பாயவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் தொடுமுனையைத் திடீரெனத் திறக்கிறோம். மின்னோட்டம் அறுகிறது, காந்தப்புலம் சரிகிறது. ஃபாரடே 1831-ல் கண்ட மின்காந்தத் தூண்டலின்படி, பல்லாயிரம் சுருள்கள் கொண்ட துணைச் சுற்றில் 15,000 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் எழுகிறது. பிளக்கின் இடைவெளியில் பொறி பாய்கிறது. பாயிண்ட் மூடும்போதன்று, திறக்கும்போதுதான் பொறி பிறக்கிறது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்கு அமைத்துத் தந்த முறை இது. பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஆண்டது.

பொறி பாய்ந்த அந்தக் கணமே கலவை முழுவதும் எரிந்துவிடாது. தீ ஓரிடத்தில் பற்றிப் பரவ வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 பாகை இறங்கும்போது அழுத்தம் மிகுதியாக இருந்தால்தான் நல்ல இழுவை கிடைக்கும். அதற்கு முன்கூட்டியே பொறியை விட வேண்டும். எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது, உச்சிக்குச் சுமார் 10 பாகை முன்னதாக என்று வைத்துக்கொள்வோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் வினாடிக்கு 15 சுற்று. அதாவது 5,400 பாகை. பொறி பாய்வதிலிருந்து உச்ச அழுத்தம் வரை 10 + 15 = 25 பாகை. இதற்கு ஆகும் நேரம் சுமார் 4.6 மில்லி வினாடி. அதே எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 18,000 பாகை. உள்ளே கலவையின் கொந்தளிப்பு மிகுவதால் தீயும் விரைந்து பரவும். ஆனால் பிஸ்டனின் வேகத்துக்கு முழுதாக ஈடுகொடுக்காது. ஆகவே பொறியை ஏறக்குறைய 30 பாகை முன்னதாக விட வேண்டியிருக்கும். 30 + 15 = 45 பாகை; நேரம் 2.5 மில்லி வினாடி. இந்த மாற்றத்தைச் செய்ய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு எடைகள் உண்டு. வேகம் கூடக்கூட அவை வெளிப்புறம் விலகி, பாயிண்ட்டை முன்னதாகத் திறக்க வைக்கும்.

பொறி பிந்தினால் என்ன ஆகும்? பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பின் தீப்பிடிக்கும். வேலையாக மாற வேண்டிய வெப்பம் புகையோடு வெளியே போகும். இழுவை குறையும், எஞ்சின் சூடேறும். பொறி மிகவும் முந்தினால்? மேலேறி வரும் பிஸ்டனை எதிர்த்து அழுத்தம் எழும். எஞ்சினில் 'டக டக' என்று தட்டும் ஓசை கேட்கும். நாளடைவில் பிஸ்டனே சேதமாகும்.

ஓடுவதை நிறுத்திக் காட்டும் விளக்கு

வினாடிக்கு 15 முறை சுற்றும் சக்கரத்தில் 10 பாகையைக் கண்ணால் அளப்பது எப்படி? இதற்குத்தான் டைமிங் லைட். கைத்துப்பாக்கி வடிவில் இருக்கும். முதல் உருளையின் பிளக் கம்பியில் அதன் கவ்வியை மாட்டுவார்கள். பொறி பாயும்போதெல்லாம் விளக்கு ஒரு கணம் மின்னும்.

900 சுற்றில் முதல் உருளைக்கு வினாடிக்கு ஏழரைப் பொறி. விளக்கும் ஏழரை முறை மின்னும். ஒவ்வொரு மின்னலின்போதும் கிராங்க் புல்லியில் வெட்டிய கோடு அதே இடத்துக்கு வந்திருக்கும். ஆகவே சுழலும் புல்லி அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அருகில் உள்ள பாகை அளவில் கோடு 10-க்கு நேராகத் தெரிந்தால், பொறி 10 பாகை முன்னதாகப் பாய்கிறது என்று பொருள்.

விட்டுவிட்டுப் பார்த்தால் சுழல்வது நிற்பதுபோல் தோன்றும் என்னும் உண்மையை 1832-ஆம் ஆண்டிலேயே பெல்ஜியத்தின் பிளாட்டோவும் ஆஸ்திரியாவின் ஸ்டாம்ஃபரும் தனித்தனியே பயன்படுத்திக் காட்டினர். 1930களில் அமெரிக்காவின் ஹெரால்டு எட்ஜர்ட்டன் மின்னல் விளக்கைக் கொண்டு, ஓடும் மோட்டார்களை இவ்வாறு 'நிறுத்தி' ஆராய்ந்தார். பட்டறையின் டைமிங் லைட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. புல்லியும் விசிறியும் நிற்பதாகத் தோன்றுமே தவிர, நிற்பதில்லை. நம்பி விரலை நீட்டினால் விரல் போய்விடும்.

மேஸ்திரி கண்ட தடம்

இனிப் பாடிப் பட்டறைக்கு வருவோம். அறுபது வயதைக் கடந்த மேஸ்திரி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். டைமிங் லைட்டை எடுத்து மாட்டினார். கோடு சரியாக 10-இல் நின்றது.

"பாருங்க மேஸ்திரி, அவங்க சொன்னது சரிதானே?" என்றேன்.

"லைட்டு சரியாத்தான் சொல்லுது சார்" என்று சொல்லிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் அடியைத் துணியால் துடைத்தார். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட், வளைந்த நீள் துளை ஒன்றில் இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது இப்படியும் அப்படியும் திருப்பிப் பொறியின் நேரத்தைச் சரி செய்வதற்காக அந்தத் துளை. அந்தக் காரில் போல்ட் துளையின் ஒரு கோடியில் இருந்தது. துளையின் நடுவில், வாஷர் பல ஆண்டுகள் அழுத்தியிருந்த பழைய வட்டத் தடம் பளிச்சென்று தெரிந்தது.

"இத்தனை வருஷம் நடுவுல இருந்தது, பெல்ட் மாத்தின அன்னிக்கு ஏன் சார் ஓரத்துக்குப் போகணும்?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். பெல்ட் மாற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பாயிண்ட் புதிதாகப் போட்டால் இடைவெளி மாறி நேரம் சிறிது பிசகலாம்; அதைச் சரி செய்யச் சிறிது திருப்பலாம். பாயிண்ட் மாற்றவே இல்லை. திருப்பியிருப்பதோ துளையின் கோடி வரை.

அடுத்துக் கம்ப்ரஷன் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவைத்தால், பிஸ்டன் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று தெரியும். சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் காட்ட வேண்டிய இடத்தில் மூன்று உருளைகளும் 10-க்குச் சற்று மேலே காட்டின. ஓர் உருளையில் மட்டும் குறைந்தால், அந்த உருளையின் வால்வோ வளையமோ தேய்ந்திருக்கும். மூன்றும் ஒரே அளவில், அதுவும் ஒரே நாளில் தேயுமா? ஆகவே மூன்றுக்கும் பொதுவான ஒன்றில்தான் பிழை. மூன்றுக்கும் பொதுவானது கேம் தண்டு. அதைக் கிராங்கோடு இணைக்கும் பெல்ட்.

பெல்ட்டின் மூடியைக் கழற்றினார். கிராங்க் சக்கரத்தின் அடையாளக் குறியை எஞ்சின் உடலில் உள்ள குறிக்கு நேராகக் கொண்டுவந்தார். கேம் சக்கரத்தின் குறியும் அப்போது அதன் எதிர்க்குறிக்கு நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. சரியாக ஒரு பல் பின்தங்கி நின்றது!

ஒரு பல் எத்தனை பாகை?

கணக்கு எளிதாக இருக்கக் கிராங்க் சக்கரத்தில் 20 பல், கேம் சக்கரத்தில் 40 பல் என்று கொள்வோம். கேம் சக்கரத்தில் ஒரு பல் என்பது 360 ÷ 40 = 9 பாகை. கேம் ஒரு பாகை திரும்பக் கிராங்க் இரண்டு பாகை திரும்ப வேண்டும். ஆகவே கிராங்க் கணக்கில் 18 பாகை.

டிஸ்ட்ரிபியூட்டர் கேமோடு போவதால் பொறியும் 18 பாகை பிந்தும். 10 பாகை முன்னதாகப் பாய வேண்டிய பொறி, 10 − 18 = −8. அதாவது பிஸ்டன் உச்சியைத் தாண்டி 8 பாகை இறங்கிய பிறகு பாயும். முதலில் பெல்ட் மாட்டியவர் எஞ்சினை ஓட்டிப் பார்த்திருப்பார், மந்தமாக ஓடியிருக்கும். டைமிங் லைட்டில் பார்த்துப் பொறி பிந்துவதைக் கண்டிருப்பார். டிஸ்ட்ரிபியூட்டரை அதன் சுழற்சிக்கு எதிர்த்திசையில் திருப்பினால் பொறி முந்தும். கோடு 10-க்கு வரும் வரை திருப்பி போல்ட்டை இறுக்கிவிட்டார். லைட் சரி என்றது. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

கடிகாரத்துக்குத் திரும்புங்கள். மணி முள் பிசகியதால் மணி நேரம் தவறி அடிக்கிறது. முள்ளைச் சரி செய்யாமல், மணியை மட்டும் நகர்த்திச் சரியான நேரத்தில் அடிக்க வைத்தாயிற்று. கேட்கிறவனுக்கு மணி சரி. முள்ளோ இன்னும் பிசகியே நிற்கிறது.

டைமிங் லைட் அளப்பது இரண்டே பொருள்களுக்கு இடையே உள்ள உறவை: பொறி, கிராங்க். வால்வுகள் எப்போது திறந்து மூடுகின்றன என்பது அதற்குத் தெரியாது. அந்தக் காரில் வால்வுகள் எல்லாம் இன்னும் 18 பாகை பிந்தியே வேலை செய்துகொண்டிருந்தன.

அதனால் மேடேறும் வலு ஏன் குறைய வேண்டும்? உறிஞ்சும் வால்வு, பிஸ்டன் அடிக்கு வந்ததும் உடனே மூடுவதில்லை. பல எஞ்சின்களில் ஏறக்குறைய 50 பாகை கழித்தே மூடும். வேகமாக ஓடும்போது உள்ளே விரையும் கலவை தன் நிலைமத்தால் தொடர்ந்து நுழையட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அது 68 பாகையாக ஆகிவிட்டால், குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலேறும்போது உறிஞ்சிய கலவையில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அமுக்குவதற்குக் கலவை குறைவு, ஆகவே அழுத்தம் குறைவு, இழுவையும் குறைவு. வேகம் மிகுந்தால் நிலைமம் கைகொடுப்பதால் குறை அவ்வளவாகத் தெரியாது. சமதளத்தில் ஓரளவு ஓடிய கார், மெதுவாகச் சரிவேறும்போது திணறியதன் காரணம் இதுதான்.

பெல்ட் ஏன் ஒரு பல் மாறியது?

மேஸ்திரி பெல்ட்டைத் தளர்த்திச் சரியாக மாட்டியதை அருகிலிருந்து பார்த்தேன். கேம் தண்டைச் சும்மா விட்டால் அது இருந்த இடத்தில் இராது. வால்வு ஸ்பிரிங்குகள் அதை ஏதேனும் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். பெல்ட்டின் தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் என்னும் இறுக்கும் உருளையின் பக்கம் வர வேண்டும். மறுபக்கத்தில் சிறிது தொய்வு விட்டு மாட்டினால், குறிகள் அப்போது நேராகத் தெரியும். டென்ஷனர் இறுக்கியதும் கேம் நகர்ந்துவிடும்.

ஆகவே அவர் பெல்ட்டை மாட்டி இறுக்கியதோடு நிற்கவில்லை. ஸ்டார்ட்டரைத் தொடாமல், பாக்ஸ் ஸ்பானர் போட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். பிறகு குறிகளை மறுபடி பார்த்தார். ஏன் இரண்டு சுற்று? கேம் ஒரு முழுச் சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரக் கிராங்க் இரண்டு சுற்று வேண்டுமே! கையால் சுற்றுவதற்கும் காரணம் உண்டு. சில எஞ்சின்களில் கேம் பெரிதும் பிசகினால் திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் இடித்துவிடும். கையால் சுற்றும்போது தடை தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஸ்டார்ட்டரால் சுற்றினால் வால்வு வளைந்த பிறகுதான் தெரியும்.

குறிகள் நேராக நின்றன. டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய வாஷர் தடத்துக்குத் திருப்பினார். பிறகு லைட் வைத்தார். கோடு 10-க்கு மிக அருகில் வந்தது. மயிரிழை திருத்தம் போதுமாயிருந்தது. கம்ப்ரஷன் மூன்று உருளைகளிலும் 12-ஐத் தொட்டது. அன்று மாலை மூன்றாம் கியரிலேயே மேம்பாலம் ஏறி வீடு திரும்பினேன்.

மேஸ்திரி செய்த வேலையில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. முதலில் கார் எப்போதிலிருந்து கெட்டது என்று கேட்டார். அந்த நாளில் என்ன மாறியது என்று தேடினார். ஓர் அளவு சரியாக இருந்தபோதும், அது எப்படிச் சரியாயிற்று என்று பார்த்தார். முதல் அளவோடு தொடர்பில்லாத இரண்டாவது அளவு ஒன்றை எடுத்தார். இரண்டும் ஒத்துப்போகும் ஒரே காரணத்தைக் கண்டு, மூடியைத் திறந்து கண்ணால் பார்த்து உறுதி செய்தார். ஆய்வுக்கூடத்தில் உங்கள் விடை புத்தகத்து விடையோடு ஒத்துவர வேண்டும் என்பதற்காக, அளவியை லேசாகத் திருப்பி வைக்கத் தோன்றும் நேரம் ஒன்று வரும். அப்போது அந்த டிஸ்ட்ரிபியூட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய கார்களில்

மாருதி 800-இன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றது. இன்றைய பெட்ரோல் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. பல எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதிலாக மறுபடியும் சங்கிலி வந்துவிட்டது. கிராங்கில் உள்ள பற்சக்கரம் ஒன்றின் பற்களை உணர்வி ஒன்று எண்ணுகிறது. அடையாளத்துக்காக ஒன்றிரண்டு பற்களை இல்லாமல் விட்டிருப்பார்கள். அதைக் கொண்டு கிராங்க் எந்தப் பாகையில் இருக்கிறது என்று கணிப்பொறி அறிந்து பொறியை விடுகிறது. கேமின் நிலையைச் சொல்ல இன்னோர் உணர்வி உண்டு. அவற்றுள் பல, எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த ஹால் விளைவால் இயங்குபவை.

இங்கே ஒரு சுவையான மாறுதல். பொறியின் நேரத்தைக் கிராங்கே தீர்மானிப்பதால், பெல்ட்டோ சங்கிலியோ ஒரு பல் நழுவினாலும் பொறி பிசகாது. வால்வுகள் மட்டுமே பிசகும். நிமிட முள்ளே மணியை அடிக்கும் கடிகாரம் இது. ஆனால் இரண்டு உணர்விகளும் சொல்வதைக் கணிப்பொறி ஒப்பிட்டுப் பார்க்கிறது. உறவு பிசகினால் எச்சரிக்கை விளக்கை ஏற்றி, பி0016 போன்ற குறியீடு ஒன்றைப் பதிவு செய்கிறது. கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள். வாஷர் தடத்தைப் பார்த்து மேஸ்திரி கேட்ட கேள்வியை இன்று மின்னணுச் சுற்று கேட்கிறது. காரணம் பெல்ட்டா, டென்ஷனரா, உணர்வியேவா என்பதை மட்டும் இன்றும் ஒருவர் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள அட்டை வட்டம் ஒன்றில் விளிம்பிலிருந்து உள்நோக்கி 6 மெல்லிய பிளவுகளைச் சம இடைவெளியில் வெட்டுங்கள். நடுவில் குண்டூசி குத்திப் பென்சில் முனையில் பொருத்துங்கள். கூரை விசிறியை நிறுத்தி, பெரியவர்களின் உதவியோடு ஒரே ஓர் இறக்கையில் வெள்ளைத் தாள் துண்டு ஒட்டுங்கள். விசிறியை மெதுவாக ஓடவிட்டு, அட்டையைச் சுழற்றியபடி பிளவுகளின் வழியே பாருங்கள். அட்டையின் வேகத்தை மாற்றிக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் விசிறி நிற்பதுபோல் தோன்றும். இப்போது தாள் துண்டைப் பாருங்கள். சில வேகங்களில் இறக்கைகள் நிற்கும். ஆனால் தாள் ஓர் இறக்கையிலிருந்து அடுத்த இறக்கைக்குத் தாவும்! விசிறி அப்போது ஒரு பார்வைக்கும் மறு பார்வைக்கும் இடையே மூன்றில் ஒரு சுற்றுத்தான் சுற்றியிருக்கிறது. தாள் இல்லாவிட்டால் இது உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

ஒரு கணக்கு: ஓர் எஞ்சினில் கிராங்க் சக்கரத்தில் 24 பல், கேம் சக்கரத்தில் 48 பல். பொறி 8 பாகை முன்னதாகப் பாய வேண்டும். பெல்ட்டை மாட்டும்போது கேம் ஒரு பல் முந்திவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் கேமில் இருந்தால் பொறி எங்கே பாயும்? கிராங்க் உணர்வி உள்ள எஞ்சினாக இருந்தால் எங்கே பாயும்?

விடை: ஒரு பல் என்பது கிராங்க் கணக்கில் 15 பாகை. முதல் எஞ்சினில் உச்சிக்கு 23 பாகை முன்னதாகப் பாயும். எஞ்சின் தட்டத் தொடங்கும். இரண்டாவதில் 8 பாகையிலேயே பாயும். வால்வுகள் மட்டும் 15 பாகை முந்தும்.